கழற்றித் தரவும் ஆள் வேண்டும்

"அக்கா, இத எடுத்து விட்டுருங்க" என்று அந்தத் தங்கச்சி முதல் தடவை கேட்டபோது நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "இன்னும் ரெண்டு மாசம் பாருங்கம்மா, தானா சரியாகிரும்."

2014ஆம் ஆண்டு. இலங்கையில், பதுளை மாவட்டத்தில் மதுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அவளுக்கு 23 வயது. இரண்டாவது பிள்ளைக்கு ஒரு வயது ஆகவில்லை. இடது கையின் உள்பக்கம், முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, தோலுக்கு அடியில் இரண்டு மெல்லிய குச்சிகள் வைத்திருந்தாள். ஜடேல் என்று பெயர். ஒரு தடவை வைத்தால் ஐந்து வருடத்துக்குக் கரு தங்காது. நல்ல முறைதான். நான்தான் அவளிடம் விளக்கிச் சொன்னேன், நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

இரண்டாவது தடவை கேட்டாள். அதே பதில். மூன்றாவது தடவை, தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தின் பின்பக்கம், தண்ணீர்க் குழாயடியில் என்னை நிறுத்தி, அழாமல், அடிக்குரலில் சொன்னாள். நாற்பது நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் படுகிறது. மலையில் கழிப்பறை கிடையாது. துணி மாற்ற வேண்டுமென்றால் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்குத்தான் இறங்கிப் போக வேண்டும். போய் வருவதற்குள் கொழுந்து குறைகிறது, குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுகிறார்கள். வீட்டில் மாமியார் தனித்தட்டு வைத்துவிட்டார். அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாள். கோயில் வாசலை மிதிக்க முடியவில்லை.

"நீங்க சொல்றது சரியா இருக்கும்க்கா. ஆனா என்னால முடியல."

அந்த ரத்தப்போக்கு ஆபத்தானது இல்லை என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது உண்மைதான். பலருக்குச் சில மாதங்களில் அடங்கிவிடும் என்பதும் உண்மைதான். அப்படியும் நான் செய்தது தப்பு. அவள் கேட்டது விளக்கம் இல்லை. தன் கையில் இருப்பதை எடுத்துவிடச் சொன்னாள். அதற்கு நான் இரண்டு தடவை இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

இதை எழுத உட்கார்ந்ததே அவளால்தான். தோட்டப் பகுதிகளில் குடும்பத் திட்டமிடல் வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் பதினைந்து வருடத்துக்கு மேல் வெளிக்கள வேலை பார்த்திருக்கிறேன். எங்களைப்போல வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு, எதற்குப் பணம் கிடைக்கும், எப்படி அறிக்கை எழுதுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நான் பட்டு அறிந்தவை வேறு மாதிரியானவை.

நான் லயத்தில் பிறந்தவள். என் அம்மாவுக்கு 1980களில் மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு ஆபரேஷன் நடந்தது. எல்.ஆர்.டி. என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள், கருக்குழாயைக் கட்டி வெட்டிவிடுவது. அந்தக் காலத்தில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. என் அம்மாவுக்கு 500 ரூபாய் கிடைத்தது. அப்போது அது பல வாரச் சம்பளம். தோட்டத்து லொறி வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போனதாம். சாயங்காலம் அதே லொறியில் திரும்பி வந்தார்களாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு முறையையும் எப்படி விளக்குவது என்று வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுவேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லல. சொல்லியிருந்தாலும் செஞ்சுதான் இருப்பேன், மூணுக்கு மேல எப்படி வளக்குறது? ஆனா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

மலையகத்தில் குடும்பக் கட்டுப்பாட்டின் கதையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எங்கள் தோட்டங்களில் கருத்தடை என்பது கிடைக்காத பொருளாக இருந்ததில்லை. ஆபரேஷன் எப்போதும் கிடைத்தது. மற்றதெல்லாம்தான் கிடைக்கவில்லை. ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடைவெளி விட விரும்புகிற இருபது வயதுப் பெண்ணுக்கு ஆபரேஷனால் என்ன பயன்? அவளுக்கு ஊசி வேண்டும், மாத்திரை வேண்டும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப் வேண்டும். முக்கியமாக, வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ள வழி வேண்டும்.

இலங்கையில் இந்த வேலையைத் தொடங்கிவைத்ததே ஒரு தொண்டு நிறுவனம்தான். குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் ஆரம்பமானது. தொடக்க காலத்தில் அதன் கிளினிக்குகளில் உழைத்தவர்களில் தமிழ்ப் பெண் மருத்துவரான சிவா சின்னத்தம்பியும் ஒருவர். அரசாங்கம் 1965இல்தான் இதைத் தன் பொறுப்பாக எடுத்து, தாய் சேய் நலச் சேவையோடு சேர்த்தது. அதற்குப் பிறகு ஊர்ப்புறங்களில் பிரசவமும் தாய் சேய் நலமும் பார்க்கும் அரசாங்க மருத்துவ மாதுகள் வீடுவீடாகப் போய்ச் செய்த வேலை பெரிய வேலை. ஆனால் தோட்டங்கள் நீண்ட காலம் தனி ராஜ்ஜியம். ஆஸ்பத்திரியும் தோட்டத்துடையது, மருந்து கொடுப்பவரும் தோட்டத்து ஆள், வேலை கொடுப்பவரே வைத்தியமும் கொடுப்பார். அப்படிப்பட்ட இடத்தில் "உனக்கு எது வேண்டும்?" என்ற கேள்வி எழ வாய்ப்பே குறைவு.

இன்னொரு விஷயம். ஒரு முறை பணிய லயத்தில், அதாவது கீழ் லயத்தில், இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு வயதான ஐயா குறுக்கிட்டார். "எங்கள எண்ணி எண்ணியே கொறச்சாங்க. இப்ப நீங்களும் கொறைக்க வந்தீங்களா?" என்னோடு வந்த பிள்ளைக்குக் கோபம். எனக்கு வாயில் பதில் வரவில்லை. 1948இல் எங்கள் தோட்டத்து ஆட்களின் குடியுரிமை போனது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் ஆட்களைப் பங்கு பிரித்தன. நாடற்றவர் பிரச்சினையின் கடைசி முடிச்சு 2003இல்தான் சட்டத்தில் அவிழ்ந்தது. அந்த ஐயாவின் அண்ணன் குடும்பம் ராமேஸ்வரம் போன கப்பலில் போனதுதானாம், திரும்பப் பார்க்கவே இல்லை. இப்படிப்பட்டவர் அப்படிக் கேட்காமல் வேறு எப்படிக் கேட்பார்?

அன்றைக்கு அவர் சொன்னதை முழுவதும் உட்கார்ந்து கேட்டேன். அதிலிருந்து எங்கள் பேச்சில் "சிறிய குடும்பம் சீரான குடும்பம்" என்கிற மாதிரி வாசகங்களை விட்டுவிட்டோம். எத்தனை பிள்ளை என்பது எங்கள் வேலையே இல்லை. எப்போது, எந்த உடம்போடு, யாருடைய விருப்பத்தில் என்பதுதான் எங்கள் வேலை. பிள்ளை தங்காமல் வருந்துகிற பெண்களையும் பதுளையில் அதற்கான கிளினிக்குக்கு அழைத்துப்போகத் தொடங்கினோம். அப்புறம்தான் அந்தத் தோட்டத்து வயதானவர்கள் எங்களை இஸ்தோப்பில் உட்காரச் சொல்லித் தேத்தண்ணி தந்தார்கள்.

சரி, ஒரு தொண்டு நிறுவனத்தால் அங்கே என்னதான் செய்ய முடியும்? ஊசியும் மாத்திரையும் அரசாங்க கிளினிக்கில் இலவசம். மருத்துவ மாது இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார். ஒரு மருத்துவ மாதுவுக்குச் சுமார் 3,000 பேர் என்பது ஏட்டில் உள்ள அளவு. மலையில் இடம் காலியாக இருந்தால் பக்கத்துப் பிரிவைப் பார்ப்பவரே இதையும் சேர்த்துப் பார்ப்பார். அவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். கிளினிக் வாரநாளில் காலை நேரத்தில். அந்த நேரம் பெண்கள் மலையில். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும், அதோடு த்ரீவீல் காசு. சேவை இருக்கிறது, அதைத் தொடுவதற்குக் கை எட்டவில்லை. அந்த இடைவெளிதான் எங்கள் இடம்.

ஆரம்பத்தில் நாங்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் காலையில் எல்லோரையும் கூட்டி வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்கே போய்விட்டோம். எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள், பத்து நிமிடம் கதைத்தால் போதும் என்று நினைத்தோம். தோட்டத்து மேலாளரான துரையிடம் அனுமதி வாங்கி, கணக்கப்பிள்ளை பக்கத்தில் நிற்க, நான் சத்தம் போட்டுக் கருத்தடை பற்றிச் சொன்னேன். ஆண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்கை இழுத்து இழுத்துக் கட்டினார்கள். ஒரு கேள்விகூட வரவில்லை. அதைவிட மோசம், வேலை வாங்குகிறவர்கள் பக்கத்தில் நின்று நாங்கள் சொன்னதால் அது தோட்டத்து உத்தரவு மாதிரி ஆகிவிட்டது. இந்த வேலைக்கு வருபவர்கள் பிரட்டுக்களத்தின் பக்கமே போக வேண்டாம் என்பேன். உள்ளே நுழையத் துரையின் அனுமதி வேண்டும், அது தவிர்க்க முடியாது. ஆனால் அனுமதி வாங்கியதோடு அவர்களைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும்.

எங்களுக்குக் கைகொடுத்தது பிள்ளை மடுவம். பகல் சாப்பாட்டு நேரத்தில் தாய்மார் பிள்ளைக்குப் பால் கொடுக்க அங்கே வருவார்கள். பிள்ளை மடியில் இருக்கும், கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள், ஆண்கள் வர மாட்டார்கள், மாமியார்களும் வர மாட்டார்கள். வந்த காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த அரை மணி நேரம் பொன். பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் கேட்டுப் பின் அறையில் ஒரு பாயைப் போட்டோம். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் உள்ளே வரக்கூடாது என்பது மட்டும்தான் விதி. மருத்துவ மாது மாதத்தில் ஒரு பகல் அங்கேயே வரச் சம்மதித்தார். ஊசி போடுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. லூப், ஜடேல் மாதிரியானவற்றுக்கு மருத்துவர் வேண்டும். அதற்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்தோம். எங்கள் செலவில் பெரும்பங்கு அந்த வேனுக்குத்தான் போனது. பணம் கொடுத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, வேன் வாடகைக்கா இவ்வளவு என்று கேட்டார்கள். வேன் இல்லாவிட்டால் மற்ற எதுவும் இல்லை என்று மூன்று வருடம் சொல்லிச் சொல்லித்தான் புரியவைத்தோம்.

முறைகளைப் புத்தகத்தில் படிப்பது வேறு, லயத்துக் காம்பராவிலிருந்து பார்ப்பது வேறு. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் மாத்திரை அட்டையை எங்கே வைப்பது? ஒரு பெண் அரிசி வாளிக்குள் வைத்திருந்தாள், மாமியார் அரிசி அளக்கும்போது கையில் அகப்பட்டது. ஆணுறை பயன்படுத்தினால் அதைப் போடுவதற்கு இடம் வேண்டும். கழிப்பறை நாலு வீட்டுக்குப் பொது, லயத்தின் முன்னால் ஓடுவது திறந்த சாக்கடைக் கான். லூப் பத்து வருடம் தாங்கும், ஆனால் முதல் சில மாதம் மாதவிடாய் அதிகமாகலாம். எங்கள் பெண்களில் பலருக்கு ஏற்கனவே ரத்தசோகை. ஜடேலைக் கையைத் தடவினால் கண்டுபிடித்துவிடலாம், நாள் தவறிய ரத்தப்போக்கும் வரும். ஊசிக்கு மட்டும் எந்தத் தடயமும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு நிமிட வேலை. நாளாக ஆக மாதவிடாய் குறைந்துவிடும், பலருக்கு நின்றேவிடும். அதனால்தான் பெண்கள் ஊசியையே கேட்கிறார்கள். அதிலும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நிறுத்திய பிறகு மறுபடி கரு தங்கச் சில சமயம் ஒரு வருடம்கூட ஆகலாம். அடுத்த தைக்குள் பிள்ளை வேண்டும் என்று நினைப்பவளுக்கு அதை முன்னாலேயே சொல்லாவிட்டால், தன் கர்ப்பப்பை கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழுவாள். நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தங்கச்சிக்குப் பிறகு விளக்கும் வரிசையையே மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் பலனை முதலில் சொல்லி, தொந்தரவைக் கடைசியில் சன்னமான குரலில் சொல்வேன். இப்போது ரத்தத்தில் தொடங்குகிறேன். "இதுல எப்ப வரும்னு சொல்ல முடியாது, கூடவும் வரலாம், சொட்டுச் சொட்டாவும் வரலாம், நின்னும் போகலாம். உங்க மலைக்கு, உங்க வீட்டுக்கு எது ஒத்துவரும்?" என்று கேட்கிறேன். அடுத்ததாக, "பிடிக்கலைன்னா எடுத்துரலாம். ஏன்னு நான் கேக்க மாட்டேன்." பயமுறுத்தினால் யாரும் வர மாட்டார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நடந்தது நேர்மாறு. தொந்தரவை முதலிலேயே கேட்டவர்கள் தொந்தரவு வந்தபோது பதறவில்லை, பக்கத்து லயத்தில் வதந்தியும் பரவவில்லை.

மொழிபெயர்ப்பு பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில், பிரசவம் முடிந்து படுத்திருந்த பெண்ணிடம் தாதி சிங்களத்தில் தன்மையாகத்தான் கேட்டார், ஆபரேஷன் செய்துகொள்ள விருப்பமா, யோசிக்க நேரம் வேண்டுமா என்று. பக்கத்தில் நின்ற நாத்தனார் அதைத் தமிழாக்கிச் சொன்னது: "கையெழுத்துப் போடணுமாம்." பெண் பேனாவைக் கேட்டாள். நான் அப்போது வேறொருவரைப் பார்க்கப் போயிருந்தவள். இடையில் புகுந்து கேள்வியை முழுதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இப்ப வேணாம், வீட்டுக்குப் போய்க் கதைச்சிட்டுச் சொல்றேன் என்றாள். தாதிக்கும் அது பிரச்சினையாக இருக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் நிறுவனத்தில் ஒரு கட்டுப்பாடு. சொந்தக்காரர்கள் மொழிபெயர்க்கக் கூடாது. புருஷன் கூடாது, மாமியார் கூடாது, பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கும் பிள்ளை கூடவே கூடாது. தன் அம்மாவின் மாதவிடாய் பற்றி ஒரு பத்து வயதுப் பையன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியிருந்ததை ஒரு தடவை பார்த்தேன். அந்தப் பையன் முகம் எனக்கு மறக்காது. நாங்கள் மொழிபெயர்த்தாலும் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், கூட்டிச் சொல்லக் கூடாது. இதைச் செய்து பார்த்தால்தான் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நல்லது என்று நமக்குப் படுவதைக் குரலிலேயே ஏற்றிவிடுவோம்.

ஆண்களைப் பற்றிக் குறைவாகவே எழுத முடிகிறது, ஏனென்றால் அதில் நாங்கள் சாதித்ததும் குறைவு. ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் பெண்களுடையதைவிட எளிது. மரத்துப்போக ஊசி போட்டு அரை மணிக்குள் முடித்துவிடலாம். சில நாள் கனம் தூக்காமல் இருந்தால் போதும். மூன்று மாதம் வேறு முறையைப் பயன்படுத்திவிட்டு, விந்தைப் பரிசோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற உடம்பு பலம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். பெண் ஊழியர்கள் நாங்கள் சொல்லி எடுபடவில்லை. செய்துகொண்ட ஒருவரே, பழைய கவ்வாத்துக்காரர், கிரிக்கெட் முடிந்து உட்கார்ந்திருக்கும் ஆண்களோடு பேசத் தொடங்கிய பிறகுதான் கேள்விகளாவது வந்தன. ஆறு வருடத்தில் அந்தத் தோட்டத்தில் நான்கு பேர் செய்துகொண்டார்கள். நான்கு குடும்பத்தில் நான்கு பெண்களுக்கு வயிற்றில் கத்தி படவில்லை என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

புருஷனுக்குத் தெரியாமல் ஊசி போட்டுக்கொள்ளும் பெண்கள் உண்டு. அதில் நாங்கள் என்ன செய்வது என்று புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பார்கள். நான் சொல்வது இது. அவள் சொல்லவில்லை என்றால் நாம் சொல்லக் கூடாது. ஊசி நாள் எழுதிய அட்டையை அவள் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, பிள்ளை மடுவத்திலேயே வைத்திருக்க வேண்டும். அடுத்த ஊசி நாளை அவளுக்கு நினைவூட்ட வேண்டுமென்றால் புருஷனின் போனுக்கு அழைக்கக் கூடாது. ஒருவருக்கு நாங்கள் அப்படி அழைத்துவிட்டோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை இங்கே எழுத மனம் வரவில்லை.

வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் ஊசி கேட்டு வருவார்கள். "ஏஜென்ட் போட்டுட்டு வரச் சொன்னாரு." அவர்களுக்கு ஊசி போடுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. கடைசியில், எதற்காக ஏஜென்ட் அப்படிச் சொல்கிறார் என்பதை அவளோடு உட்கார்ந்து வெளிப்படையாகக் கதைத்துவிட்டு முடிவை அவளிடம் விடுவது என்று தீர்மானித்தோம். அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் முழுத் திருப்தி இல்லை.

இனி கணக்கு. குடும்பத் திட்டமிடலுக்குப் பணம் தருபவர்கள் பாதுகாப்பைத் தம்பதி-ஆண்டு என்ற அளவில் கணக்கிடுவார்கள். 120 ஆணுறை ஒரு தம்பதிக்கு ஒரு ஆண்டுப் பாதுகாப்பு. மாத்திரை என்றால் 15 அட்டை, மூன்று மாத ஊசி என்றால் நான்கு. லூப் ஒன்று வைத்தால் 4.6 ஆண்டு, ஜடேல் வைத்தால் 3.8 ஆண்டு என்று ஒரே நாளில் ஏறிவிடும். கணக்கில் பிழை இல்லை, பல பேருடைய அனுபவத்தைச் சராசரியாக்கி எடுத்த எண்கள் அவை. ஆனால் மாதக் கடைசியில் அறிக்கை எழுத உட்காரும் ஊழியருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆணுறை கேட்டு வரும் பெண்ணை ஜடேல் பக்கம் தள்ளச் சொல்லி யாரும் உத்தரவு போடத் தேவையில்லை. எண்ணே தள்ளும். என்னைத் தள்ளியது. அந்தத் தங்கச்சியின் 3.8ஐ நான் ஏற்கனவே எழுதி அனுப்பியிருந்தேன். அவள் எடுக்கச் சொன்னபோது நான் இழுத்தடித்ததில் அந்த எண்ணுக்கும் பங்கு இருந்தது. இதை எனக்கு நானே ஒப்புக்கொள்ள வெகு நாள் ஆனது.

பிறகு நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் போய் இதை அப்படியே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அறிக்கைப் படிவத்தை எடுத்து, கீழே புதிதாக ஒரு பத்தி வரைந்தார்: எடுக்கச் சொல்லிக் கேட்டவர் எத்தனை, கேட்ட நாளிலிருந்து எத்தனை நாளில் எடுத்துக் கொடுத்தோம். பணம் தந்தவர்களில் ஒரு தரப்பு அதை ஏற்றுக்கொள்ள மறுத்தது, இன்னொரு தரப்பு மிகவும் நல்லது என்றது. அந்தப் பத்தி இன்றைக்கும் எங்கள் படிவத்தில் இருக்கிறது. ஒரு தொண்டு நிறுவனம் இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் நான் அந்தப் பத்தியைத்தான் முதலில் கேட்பேன்.

2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். 2022இல் டீசல் இல்லை, பஸ் இல்லை, மருந்துகளுக்கும் தட்டுப்பாடு. பாமசியில் மாத்திரையின் விலை ஏறிக்கொண்டே போனது. அப்போது எங்களைக் காப்பாற்றியது ஒரு சாதாரண கொப்பி. பிள்ளை மடுவத்தில் வைத்திருந்தோம், யாருக்கு எந்தத் தேதியில் ஊசி என்று, பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு. அதை வைத்து நாள் நெருங்கியவர்களை முதலில் பார்த்தோம். ஊசி கிடைக்காது என்று தெரிந்தவுடன் அவர்களுக்கு மாத்திரையோ ஆணுறையோ முன்கூட்டியே கொண்டுபோய்க் கொடுத்தோம், சில நாள் எட்டு ஒன்பது கிலோமீட்டர் நடந்து. அந்தக் கொப்பி இல்லாத பக்கத்துத் தோட்டத்தில் நாள் தவறிப்போனவர்கள் கணிசமானவர்கள். இந்த நாட்டில் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காகத் தவிர வேறு எதற்கும் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருவதில்லை, 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவை சொன்னதுதான் இன்றும். அதனால் ஒரு ஊசி தவறுவது சின்ன விஷயம் இல்லை. களவாக எங்கோ போய், ரத்தம் போய், ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஒரு பெண்ணோடு நான் இரவு முழுக்க இருந்திருக்கிறேன்.

அந்தத் தங்கச்சியின் ஜடேலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேனிலேயே கூட்டிப்போய் எடுத்தோம். கை மரக்க ஊசி போட்டு, சின்னதாக ஒரு கீறல், இரண்டு குச்சியும் வெளியே வரக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வேனில் திரும்பும்போது கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். ஆறு வாரம் ஆணுறை பயன்படுத்திவிட்டு, அவளாகவே வந்து ஊசி கேட்டாள். ஊசியிலும் முதல் மாதங்களில் ரத்தம் நாள் தவறி வரலாம் என்றேன். "தெரியும்க்கா, ஆனா இது மூணு மாசந்தானே, பிடிக்கலைன்னா அடுத்தத போடாம விட்டுர்லாம்" என்றாள். அவளுக்கு ஒத்துக்கொண்டது. அடுத்த வருடத் திருவிழாவில் பால்குடம் எடுத்தாள். நானும் கூட நடந்தேன்.

அவள் குழாயடியில் சொன்னதில் ஒரு பாதியைத்தான் கருத்தடையால் சரிசெய்ய முடிந்தது. மறுபாதி மலையில் கழிப்பறை இல்லாதது. அது எங்கள் திட்டத்தில் இல்லாத விஷயம், பணமும் இல்லை. இருந்தாலும் பெண்களிடம் கையெழுத்து வாங்கி, மருத்துவ மாதுவையும் சேர்த்துக்கொண்டு துரையைப் போய்ப் பார்த்தோம். நாலு தடவை போக வேண்டியிருந்தது. மேல்பிரிவில் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கழிப்பறை இருக்கிறது, தண்ணீர்ப் பீப்பாயோடு, உள்ளே தாழ்ப்பாளோடு. பணியப் பிரிவுக்கு இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.